அண்ணனின் ஓட்டு என் போனில்

1

இந்தக் கதை சுவர் வழியாக வந்தது. முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒட்டுக்கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். சுவரில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம், அந்த அளவுக்குச் சிரமப்படுகிற ஆள் நான் இல்லை. எங்கள் கட்டிடத்தில் சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பக்கத்து அறையில் ஸ்பூன் விழுந்தால் நான் என் தரையில் குனிந்து தேடுவேன்.

பகலில் எங்கள் மாடியில் இரண்டு பேர்தான் இருப்போம். மற்றவர்கள் காலையில் லிஃப்டில் இறங்கிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி ஆகியவற்றோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுகிறேன். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்று எங்காவது படித்திருந்தால் அது என் வாக்கியமாக இருக்கலாம். மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டையும் யாரும் படிப்பதில்லை.

ஒரு நாள் காலை, வழக்கமாக அமைதியாக இருக்கும் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணன் போட்டாச்சு. அக்கா, நீ போடு."

உடனே அதே தொண்டையிலிருந்து கொஞ்சம் கனத்த குரல்: "அவசரப்படுத்தாதடி. கண்ணாடியக் காணோம்."

மறுபடியும் பழைய குரல்: "சரி, மூணும் விழுந்துருச்சு. ஜெயிச்சது நான்!"

பிறகு கைதட்டல். ஒரே ஒரு ஜோடிக் கை.

பாவம், தனியாகக் கிடந்து புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் வாய்விட்டே சொன்னேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

2

தொடக்கங்கள். நான் எழுதிப் பார்த்தவை.

'பிளாக்செயின் என்பது பலரிடம் ஒரே நேரத்தில் இருக்கும் ஒரு பதிவு. முதலில் மின் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டு' [கையேடு வாடை அடிக்கிறது. விட்டேன்.]

'அவள் ஜன்னலருகே நின்று வானத்தைப் பார்த்தாள். மேகங்கள்' [பொய். அவள் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாய்தான் தெரியும். எனக்கும் அதே குழாய்தான்.]

'ஓர் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன்' [இது பரவாயில்லை என்று கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அம்மாவைச் சொன்ன கையோடு பிள்ளைகளிடம் தாவிவிடுகிறது, பார்த்தீர்களா? நான் அப்போது பார்க்கவில்லை.]

3

என் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் கதவு மாறித் தட்டுகிறவர்கள். அதனால் அன்று மதியம் தட்டல் கேட்டபோது, "எதிர் வீடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் திறந்தேன்.

"இல்லக்கா, உங்களத்தான் பாக்க வந்தேன்" என்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்தது. "நான் பக்கத்து ரூம். ஒரு உதவி வேணும். நீங்க கொஞ்ச நேரம் எங்க அண்ணனா இருக்கீங்களா?"

எனக்குப் பல வேலைகள் வந்திருக்கின்றன. இது புதிது.

"உங்க அண்ணன் எப்படிப்பட்டவரு?"

"எதுக்கும் பிடி கொடுக்க மாட்டாரு."

"அது எனக்கு வரும், உள்ள வா" என்றேன்.

வீட்டில் அவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். இங்கேயும் அதுவே இருக்கட்டும். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் காதில் ஹெட்போனோடு பல வருடம் உட்கார்ந்திருந்தவள். பிறகு அந்த வேலையை இயந்திரக் குரலுக்குக் கொடுத்துவிட்டார்கள். "என் குரல வச்சுத்தான் அதப் பழக்கினாங்க. இப்ப அந்த நம்பருக்கு போன் பண்ணா நானே எடுக்கறேன்க்கா" என்றாள். கொஞ்சம் விட்டு, "சில நாள் பண்ணுவேன்" என்றாள்.

நான் டீ போடுகிற சாக்கில் எழுந்து போனேன்.

இப்போது அவள் பிளாக்செயின் படிக்கிறாள். அதன்மேல் ஓடுகிற ஆப்களைக் கட்டக் கற்றுக்கொள்கிறாள். ஆசிரியர் இல்லை, வகுப்பு இல்லை. வீடியோக்கள் இருக்கின்றன. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மாணவர்களின் அரட்டைக் குழு ஒன்று இருக்கிறது. அதில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. சந்தேகம் கேட்டால் ராக்கெட் படம் ஒன்றைப் பதிலாகப் போடுவார்களாம்.

"ரொம்ப சிம்பிள்க்கா. ஒரு நோட்டு. அதே நோட்டு ஆயிரக்கணக்கான பேர்கிட்ட இருக்கு. ஒரு வரி எழுதினா எல்லார் நோட்டுலயும் விழும். அழிக்க யாராலயும் முடியாது, எழுதின என்னாலயும் முடியாது. அதுக்குள்ள ஒரு ஒப்பந்தத்த எழுதி விட்டுட்டா அது பாட்டுக்கு நடக்கும். நடுவுல ஆளே கிடையாது."

"நடுவுல ஆளே கிடையாதா?"

"கிடையாது. அதான் விசேஷம்."

அவள் அறையையும் என் அறையையும் நினைத்துப் பார்த்தேன். அந்த ஒரு பாடத்தில் நாங்கள் இருவரும் ஏற்கெனவே தேறியவர்கள்.

அவள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு குடும்ப ஓட்டு ஆப். அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறார். அண்ணனுக்கு வெளிநாட்டு மாற்றல் வந்துவிட்டது, அம்மாவைக் கூட்டிப்போக வழியில்லை. இனி அம்மா அக்கா வீட்டுக்குப் போவதா, கடைக்குட்டியின் அறைக்கு வருவதா? அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. (இங்கே கடைக்குட்டி என்னையும் அக்கா என்கிறாள், குழப்பம். அவளுடைய சொந்த அக்காவை இனி டீச்சர் என்கிறேன்.) தள்ளிவிடுகிற சண்டை இல்லை இது. இரண்டு பேருக்குமே அம்மா வேண்டும்.

போனில் பேசி முடிவெடுத்தால் மறுவாரம், 'நான் அப்படிச் சொல்லவே இல்ல' என்று யாராவது ஆரம்பிக்கிற குடும்பம் அது. அதனால் கடைக்குட்டி இந்த யோசனையைச் சொன்னபோது மூவரும் ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு. போட்டால் போட்டதுதான். மூன்றும் விழுந்ததும் முடிவு வரும், அதற்கு மேல் பேச்சில்லை. பிறந்ததிலிருந்து அவள் சொன்ன ஒன்றை வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவையாம். போதாததற்கு வேலை கேட்டுப் போன ஓர் இடத்தில், நிஜ மனிதர்கள் பயன்படுத்திய ஆப் ஒன்றைக் காட்டு, பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

4

ஒத்திகைக்கென்று தனியாக ஒரு சங்கிலி, அதாவது அந்த நோட்டின் பயிற்சிப் பிரதி, இருக்கிறது. அதில் என்ன எழுதினாலும் நிஜக் கணக்கில் சேராது. கடைக்குட்டி என் போனில் ஒரு செயலியை ஏற்றினாள். எனக்கென்று எழுத்தும் எண்ணுமாக, வாய்க்குள் நுழையாத நீளத்தில் ஒரு முகவரி வந்தது; அதற்குரிய ஓட்டை என் போனிலிருந்து மட்டும்தான் போட முடியும். அதைத் தன் நிரலில் ஒட்டி, பக்கத்தில் 'அண்ணன்' என்று குறித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் நான் அண்ணனாக இருந்தேன்.

"அண்ணே, இன்னிக்கு யாருக்கு?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள்.

"யோசிக்கணும்" என்று இந்தப் பக்கத்திலிருந்து கனத்த குரலில் சொல்வேன். அவள் சிரிப்பது கேட்கும். நான் பொத்தானை அழுத்துவேன். ஒரு நாள் டீச்சர் ஜெயிப்பார், ஒரு நாள் அவள் ஜெயிப்பாள். ஆப் திணறினால் திட்டிக்கொண்டே சரிசெய்வாள். ஓர் இஸ்திரிப்பெட்டிக் கையேட்டை நான் தாமதமாக அனுப்பித் திட்டு வாங்கினேன்.

எனக்கு அந்த வாரம் சந்தோஷமாக இருந்தது. இதை அலங்காரம் இல்லாமல் எழுதி வைக்க விரும்புகிறேன்.*

* கதையை இதுவரை படித்த ஒரு நண்பர், 'அவளுக்கு அம்மா ஏன் இவ்வளவு வேண்டும்? காரணம் பலவீனமாக இருக்கிறது' என்றார். நானும் அவளுக்கு ஒரு பால்யகால நோயைக் கொடுத்துப் பார்த்தேன், ஒரு முறிந்த திருமணத்தைக் கொடுத்துப் பார்த்தேன். [இரண்டையும் அடித்துவிட்டேன்.] அவளையே கேட்டேன். "அம்மா இருந்தா, சாப்டியான்னு கேக்க ஒரு ஆள் இருக்கும்லக்கா" என்றாள். நண்பருக்கு இது போதாது. எனக்குப் போதும்.

5

ஒத்திகை முடிந்தது. ஒரு நாள் காலை சுவர் வழியாக ஒரு பெருமூச்சு கேட்டது. நிஜச் சங்கிலியில் ஏற்றிவிட்டாள். அதே நேரத்தில் என் போன் 'டிங்' என்றது. விளம்பரம் என்று நினைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்கே டீச்சர் ஓட்டுப் போட்டுவிட்டார், தன் வீட்டுக்கு. கடைக்குட்டி தன் அறைக்குப் போட்டாள். அண்ணன், "போடறேன் போடறேன்" என்றார். அப்புறமும் "போடறேன்" என்றார். இனி சுவர் வழியாக எனக்கு வேலை இல்லை. அண்ணே என்று யாரும் கூப்பிடவில்லை. நான் வாஷிங் மெஷினுக்குத் திரும்பினேன்.

பிறகு ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. இந்த முறை, "எதிர் வீடுங்க" என்று நான் சொல்லவில்லை.

"அக்கா, உங்க போன் எங்க?" முகம் வெளிறியிருந்தது. போனைக் கொடுத்தேன். செயலியைத் திறந்து பார்த்தாள், என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க நிஜமாவே அண்ணன் ஆயிட்டீங்க."

நடந்தது இதுதான். நிஜச் சங்கிலியில் ஏற்றுவதற்கு முன் ஒத்திகை முகவரிகளை எடுத்துவிட்டு நிஜ முகவரிகளைப் போட வேண்டும். டீச்சருடையதைப் போட்டாள், தன்னுடையதைப் போட்டாள். மூன்றாவது வரியில் ஏற்கெனவே ஒரு முகவரியும் பக்கத்தில் 'அண்ணன்' என்ற குறிப்பும் இருந்தன. கண் அதைப் படித்தது, சரி என்று தாண்டிப் போய்விட்டது. அது என் முகவரி, நிஜச் சங்கிலியிலும் செல்லும். அண்ணன் ஓட்டுப் போடுவதற்கான சின்னக் கட்டணத்தையும் அதே முகவரிக்கு அவளே அனுப்பியிருந்தாள். அன்று அடித்த 'டிங்' அதுதான். அண்ணன் ஏன் இன்னும் போடவில்லை என்று பார்க்கப் போனபோதுதான் அந்த முகவரியின் கடைசி எழுத்துகள் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்திருக்கிறது.

"புதுசா ஒண்ணு ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம். சின்ன வேலைதான். ஆனா அக்கா ஏற்கெனவே போட்டுட்டா. திரும்பப் போடுன்னா என்ன சொல்லுவா? 'தோத்துருவோம்னு கலைக்கறியா?'ம்பா. என்னாலயும் மாத்த முடியாதுன்னு சத்தியம் பண்ணித்தானே எல்லாரையும் சம்மதிக்க வச்சேன். இதுலயும் சொதப்பிட்டேன்னா, அப்புறம் அம்மாவ என்னை நம்பி எப்படி அனுப்புவாங்க?"

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவரு இன்னும் ஆப்பையே திறக்கல. முடிவு வந்துருச்சுன்னு சொன்னா, 'நான் போட்டேனா? போட்டிருப்பேன்'ம்பாரு. அவ்வளவுதான் அவரு."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அது சுலபம். என் போனில் இரண்டு பொத்தான்கள் இருந்தன: 'அக்கா வீடு', 'என் ரூம்'.

"வரேன்க்கா" என்று போய்விட்டாள்.

6

நியாயமாக இங்கே கதை என் கைக்கு வந்துவிட்டது. கதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முடிவு நிஜமாகவே என் போனில் பொத்தானாக இருக்கிறது.

முதல் முடிவு: 'என் ரூம்' என்பதை அழுத்துகிறேன். அம்மா இரண்டு பைகளோடு லிஃப்டிலிருந்து இறங்குகிறார். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே இரண்டு குரல்கள். ஒரு நாள் அம்மா என் கதவைத் தட்டி, 'நீயும் தனியாத்தானே இருக்க, வாயேன்' என்கிறார். நான் [இந்த முடிவை மட்டும் மிக நன்றாக எழுதியிருந்தேன். திரும்பப் படித்தேன். ஒரு பத்திக்குப் பிறகு கடைக்குட்டியே அதில் இல்லை. நானும் அம்மாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.]

இரண்டாம் முடிவு: கடைக்குட்டி உண்மையைச் சொல்கிறாள். மூவரும் புதிதாக ஓட்டுப் போடுகிறார்கள். [படம் மூன்றில் காட்டியபடி. சுபம்.]

மூன்றாம் முடிவு: அம்மாவின் எண்ணை வாங்கி நானே பேசுகிறேன்.

"நீ யாரும்மா?"

"உங்க சின்னப் பொண்ணுக்குப் பக்கத்து ரூம்."

"அவ சாப்பிடறாளா?"

"சாப்பிடறா. நீங்க யார்கூட இருக்கணும்னு நினைக்கறீங்க?"

"உண்மையச் சொல்லட்டுமா? யார்கூடவும் இல்ல. பொறந்த வீடு, புகுந்த வீடு, பையன் வீடு. நான் தனியா ஒரு ரூம்ல இருந்ததே இல்லம்மா. ஒரு தடவ இருந்து பாக்கணும். என் இஷ்டத்துக்கு எந்திரிச்சு, என் இஷ்டத்துக்குத் தூங்கி"

[இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இப்படி ஒரு போன் பேச்சு நடக்கவே இல்லை. நானாக எழுதியது. எழுதி முடித்ததும் என்ன அருமையான திருப்பம் என்று எழுந்து அறைக்குள் நடந்தேன். அம்மாவுக்கு எவ்வளவு தெளிவான குரல்! பிறகுதான் உறைத்தது. அது என் குரல். மணவாழ்க்கையிலிருந்து வெளியே வந்து இந்த அறையின் சாவியை வாங்கிய அன்று நான் யாரிடமோ சொன்ன வார்த்தைகள், கிட்டத்தட்ட அப்படியே. அதை எடுத்து முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறேன். என் தனிமைக்கு ஒரு பெருமை தேடியிருக்கிறேன்.]

அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டு வைத்திருக்கிறேன்.

7

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மூன்று முடிவு எழுதியிருக்கிறேன், ஒரு வாரம் அண்ணனாக நடித்திருக்கிறேன், எத்தனையோ தடவை ஓட்டுப் போட்டிருக்கிறேன். இத்தனையிலும் ஒரு கேள்வியை நிஜத்தில் நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

செருப்புகூடப் போடாமல் போய் அவள் கதவைத் தட்டினேன். இத்தனை நாளில் நான் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. என் அறையைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இருந்தது உள்ளே: கட்டில் அந்தச் சுவரில், மேசை இந்தச் சுவரில். மேசை மேல் பாதி கடித்த ரொட்டி, லேப்டாப். கட்டிலுக்குக் கீழே புதிதாக வாங்கிய ஒரு மெத்தை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை.

"அம்மா எங்க ஓட்டுப் போடணும்?" என்று கேட்டேன்.

"அம்மாவா?" என்றாள். "அம்மாவப் பத்தித்தானேக்கா ஓட்டு. அம்மா எப்படி..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் இங்கே முடித்து வைக்கப்போவதில்லை.

கட்டிலில் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கேட்டா 'உங்க இஷ்டம்'ம்பாங்க" என்றாள்.

"கேட்டியா?"

"இல்ல."

"நான்கூட கேக்கல. நேரா அவங்க பேசறதையே எழுதிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. பரவாயில்லை.

என் போனை நீட்டினேன். "இதுல இருக்கற ஓட்ட நான் போடப் போறதில்ல. உனக்குக் கோவம் வந்தா வரட்டும்."

"கோவம்லாம் இல்லக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க போட்டுருவீங்களோன்னு ஆசையா இருந்துச்சு. போட்டுருவீங்களோன்னு பயமாவும் இருந்துச்சு."

8

அன்று சாயங்காலம் அவள் அண்ணனையும் டீச்சரையும் சேர்த்து போனில் கூப்பிட்டாள். அவள் பக்கம் மட்டும் எனக்குக் கேட்டது. "தப்பு என்னுதுதான்... இல்ல, கலைக்கறதுக்காக இல்லக்கா... ஆமா, பக்கத்து ரூம் அக்காவோட போன்... சிரிக்காதீங்கண்ணே... அக்கா, நீ கத்து, பரவால்ல, கத்தி முடி... சரி. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான். ஒத்துக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குச் சுவரை உடைத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. நான் போகவில்லை. எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு செங்கல் அகலம்தான், ஆனாலும் நான் அண்ணன் இல்லை.

பழைய ஒப்பந்தம் இன்னும் சங்கிலியில் இருக்கிறது. எப்போதும் இருக்கும். இரண்டு ஓட்டு விழுந்து மூன்றாவதற்குக் காத்துக்கொண்டே இருக்கும், அழிக்க யாராலும் முடியாது. வேலை கேட்டுப் போன இடத்தில் அதைக் காட்டப் போகிறாளா என்று கேட்டேன். "காட்டித்தான் ஆகணும். எல்லாருக்கும் தெரியற இடத்துலதானே இருக்கு" என்றாள்.

9

இன்று காலை, இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒத்திகை மறுபடி ஆரம்பித்தது. புது ஒப்பந்தம், நான்கு பேர். இந்த முறை பொத்தான்கள் இல்லையாம், ஒரு வெற்றுக் கட்டம்தானாம். அவரவர் நினைப்பதை அதில் எழுத வேண்டும்.

"அண்ணன்." கனத்த குரல்: "யோசிக்கணும்." அது என் அண்ணன் குரல். என்னைப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அக்கா." "கண்ணாடியக் காணோம்டி."

"நான். எழுதியாச்சு."

"அம்மா."

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். எத்தனையோ வாடிக்கையாளர்களோடு பேசியவள், எந்தக் குரலையும் எடுக்கத் தெரிந்தவள், ஓர் இயந்திரத்துக்கே பேசக் கற்றுக்கொடுத்தவள். அம்மாவின் குரலை அவள் எடுத்து நான் கேட்டதே இல்லை. இத்தனை ஒத்திகையிலும் அம்மாவுக்கு வசனமே இருந்ததில்லை. குழாயில் யார் வீட்டுத் தண்ணீரோ இறங்கிப் போயிற்று. நாற்காலி நகர்ந்தது.

பிறகு அவள் குரல், சொந்தக் குரல்:

"அம்மா, நான்தான்... சாப்டேன், சாப்டேன்... அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு எங்க இருக்கணும்னு இருக்கு?... எங்க இஷ்டம் இருக்கட்டும்மா. அதத்தான் ஏற்கெனவே போட்டுட்டோம். நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்."

எங்கள் சுவர் ஸ்பூன் விழுவதைக் கொண்டுவரும், பெருமூச்சைக் கொண்டுவரும். போனுக்குள் இருக்கும் குரலைக் கொண்டுவராது. "ம்" என்கிறாள். கொஞ்சம் கழித்து இன்னொரு "ம்". சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுத எனக்குச் சிரமமே இல்லை. எல்லாக் குரலும் கைவசம் இருக்கிறது. எந்தப் பதில் வந்தால் எனக்கு நல்லது என்பதும் தெரியும், உறை பிரிக்காத அந்த மெத்தை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அதனால்தான் எழுதவில்லை. உங்களிடமும் ஒரு முடிவு தயாராக இருக்கும், நாக்கு நுனிவரை வந்திருக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த அம்மா இன்னும் பேசி முடிக்கவில்லை.